ஒரே மோதல், இரண்டு கோரிக்கைகள்: வழக்கறிஞர் எங்கே தேவைப்பட்டார், எங்கே தேவைப்படவில்லை

பின்னாலிருந்து இடித்தவர்மீதுதான் தவறு, காப்புறுதி நிறுவனங்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும், உனக்கு இதில் வேலையே இல்லை. விபத்து நடந்த வாரத்தில் என்னைச் சுற்றியிருந்த எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். வேலை இல்லாமல் போகவில்லை. ஏறக்குறைய ஓராண்டு அந்த ஒரு மோதல் என் மேசையை விட்டு நகரவில்லை. வழக்கறிஞரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற கேள்வியும் ஒருமுறை வந்து ஓய்ந்துவிடவில்லை. காருக்கு ஒரு விடையும் அம்மாவின் கழுத்துக்கு வேறொரு விடையும் கிடைத்தன. இடையில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவித்ததால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலிலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். தோ பாயோ அருகே இடப்பக்கம் திரும்பும் தடத்தில் பாதசாரிகள் கடக்கும் இடம் ஒன்று. தள்ளுவண்டியோடு ஒரு பெண் கடக்கத் தொடங்கியதால் நிறுத்தினேன். முழுதாக நின்ற பிறகுதான் பின்னால் சரக்கு வேன் ஒன்று வந்து முட்டியது. பெரிய சத்தம்கூட இல்லை. பம்பர் உள்வாங்கியிருந்தது, பின்கதவு சரியாக மூடவில்லை. அம்மா பின்னிருக்கையில் இருந்தார், வார் போட்டிருந்தார். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். வேன் ஓட்டுநர் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார். நிறுவன வேன், முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், முந்நூறு வெள்ளி தருகிறேன், இங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பம்பருக்குப் பின்னால் என்ன நொறுங்கியிருக்கிறது என்பது கழற்றிப் பார்க்காமல் தெரியாது. அம்மாவின் வயதில் வலி மறுநாள்தான் தலைகாட்டும் என்பதும் எனக்குத் தெரியும். மறுத்துவிட்டேன். யாருக்கும் காயம் இல்லாத சின்ன உரசல் என்றால் நேரடியாகத் தீர்த்துக்கொள்ளலாம், அதற்கென்றே பொதுக் காப்புறுதிச் சங்கத்தின் படிவம் ஒன்று இருக்கிறது. அப்படித் தீர்த்துக்கொள்கிறவர்கள் வாய்ப்பேச்சோடு விடாமல் அதில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். காயத்துக்கு வாய்ப்பு இருக்கும்போது அந்த வழியே வேண்டாம்.

நேரடியாகத் தீர்த்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும், 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் நம்முடைய காப்புறுதி நிறுவனத்திடம் விபத்தைத் தெரிவித்தே ஆக வேண்டும். அவர்கள் சொல்லும் பதிவு நிலையத்துக்குச் சேதமடைந்த காரையே ஓட்டிக்கொண்டு போய் அறிக்கை கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் பலர் இதற்குத் தயங்குவது என்சிடி, அதாவது கோரிக்கை எதுவும் இல்லாததற்காகச் சந்தாவில் கிடைக்கும் தள்ளுபடி, குறைந்துவிடும் என்ற பயத்தால். அறிக்கை கொடுப்பதால் மட்டும் அது குறையாது. நம் காப்புறுதியின்மீது கோரிக்கை எழுந்தால்தான் குறையும். அறிக்கை கொடுக்காமல் விட்டால்தான் ஆபத்து: தள்ளுபடியும் போகலாம், பின்னால் வரும் கோரிக்கையை நிறுவனம் கைகழுவவும் செய்யலாம். வெளிநாட்டு வாகனம், இடித்துவிட்டு ஓடியவர், பாதசாரி, சைக்கிளோட்டி, அரசாங்கச் சொத்து இவற்றில் எது சம்பந்தப்பட்டிருந்தாலும் காவல்துறையிடமும் புகார் செய்ய வேண்டும். மறுநாள் காலை அம்மாவால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மருத்துவரிடம் அழைத்துப் போன கையோடு இணையத்தில் காவல்துறைப் புகாரும் பதிந்துவிட்டேன்.

இனி நான் சொல்லப்போகும் இடத்தில்தான் பெரும்பாலோர் தங்களுக்கே தெரியாமல் வழக்கறிஞரை நியமித்துவிடுகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் அனுப்பிவைத்த பட்டறைக்குக் காரை எடுத்துப் போனேன். அங்கிருந்த மேலாளர் நம்மவர், நல்ல பேச்சுக்காரர். காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “அக்கா, நீங்கள் ஒரு காசும் கட்ட வேண்டாம். எல்லாவற்றையும் எதிர்த்தரப்பிடமிருந்து நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். வாடகைக் காரும் தருகிறோம். இங்கே, இங்கே, இங்கே கையெழுத்துப் போடுங்கள்,” என்று தாள்களை நீட்டினார். மூன்றாவது தாள் ஒரு சட்ட நிறுவனத்துக்கு நான் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். என் பெயரில் கடிதம் அனுப்பவும், வழக்குத் தொடுக்கவும், பணத்தைப் பெற்றுக்கொள்ளவும் அந்த நிறுவனத்துக்கு அதில் அதிகாரம் இருந்தது. தொகை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. யார் இந்த வழக்கறிஞர் என்று கேட்டேன். “வழக்கமான ஃபாரம்தான் அக்கா, எல்லாரும் போடுவார்கள்.” எதிர்த்தரப்பு பணம் தராவிட்டால் பழுதுபார்த்த செலவு யாருடையது என்று கேட்டேன். சிரித்தார். பின் தாளின் கீழே சிறு எழுத்தில் இருந்தது பதில்: என்னுடையது. வாடகைக் காரின் செலவும் அப்படியே.

இந்த ஏற்பாடு முழுக்கப் பித்தலாட்டம் என்று நான் சொல்லவில்லை. தவறு முழுவதும் எதிர்த்தரப்புடையது என்பது தெளிவாக இருந்து, பட்டறையும் நேர்மையானதாக இருந்தால் பலருக்கு இது சுமுகமாகவே முடிந்திருக்கிறது. ஆனால் வழக்குத் தொடுப்பவர் பட்டறை அல்ல, நாம். பட்டறைக்குப் பழுதுபார்க்கும் தொகை பெரிதாக இருந்தால் லாபம், நமக்கு அது சரியானதாக இருந்தால் போதும். இரண்டும் ஒன்றல்ல. ஊதிப் பெருக்கிய தொகையோடு வழக்கு நீதிமன்றம் போய்த் தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் வழக்குத் தொடுத்தவர் தலையில்தான் விழும். அந்த வழக்கறிஞரோடு ஒருமுறையாவது நேரில் பேசாமல், தொகை எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் எல்லாத் தாள்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். என்னை அனுப்பிவைத்தவருக்கு அதில் மனத்தாங்கல்தான், இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை.

என் முன்னே இருந்த வழிகள் இரண்டு. என்னுடைய காப்புறுதியிலேயே கோரிக்கை வைத்தால், முதல் 600 வெள்ளியை நான் கட்ட வேண்டும், மீதியை அவர்கள் பார்த்துக்கொண்டு பிறகு எதிர்த்தரப்பிடம் வசூலிப்பார்கள். வேகமான வழி, ஆனால் வசூல் முடியும்வரை தள்ளுபடி ஊசலாடும். இல்லையென்றால் நானே எதிர்த்தரப்பின் காப்புறுதி நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்க வேண்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். சின் மிங் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் 2,150 வெள்ளி என்று மதிப்பிட்டார்கள். பழுதுபார்ப்பதற்கு முன் எதிர்த்தரப்பு நிறுவனத்துக்கு எழுதி, காரைப் பார்வையிட இரண்டு வேலை நாள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது விதி. அவசரப்பட்டு முதலில் பழுதுபார்த்துவிட்டு பிறகு பணம் கேட்டால், சேதத்தை நாங்கள் பார்க்கவே இல்லையே என்பார்கள். மின்னஞ்சல் அனுப்பினேன், அவர்களுடைய மதிப்பீட்டாளர் வந்து படமெடுத்துப் போனார், அதன் பிறகுதான் பட்டறை காரில் கைவைத்தது. பணத்தை நானே கட்டினேன். அந்த மாதம் கையிருப்பு கரைந்தது. வீட்டில் துணைப்பாடம் நடத்தித்தான் பிழைக்கிறேன், இந்த அலைச்சலில் ரத்தான வகுப்புகளால் எழுநூறு வெள்ளிக்குமேல் போயிற்று. அதை யாரும் திருப்பித் தரவில்லை. கார் இல்லாத நாள்களுக்கான இழப்பைக் கேட்கலாம், ஆனால் பழுதுபார்க்க நியாயமாக ஆகும் நாள்களுக்கு மட்டுமே தருவார்கள். கடிதம் எழுதிக் காத்திருந்த வாரங்களுக்குக் கணக்கு இல்லை.

அதன்பின் நீண்ட மௌனம். பிறகு ஒரு நாள் தடித்த உறையில் சட்ட நிறுவனம் ஒன்றின் கடிதம் வந்தது. வேன் நிறுவனம் என்மீது கோரிக்கை வைத்திருந்தது! நான் காரைப் பின்னால் உருளவிட்டேனாம், அதனால் அவர்கள் வேனின் முன்பக்கம் சேதமாம். படித்ததும் கை நடுங்கியது. முந்நூறு வெள்ளிக்குக் கெஞ்சிய அதே மனிதரின் கையெழுத்து இணைப்பில் இருந்தது. அன்றிரவே யாராவது வழக்கறிஞரைப் பிடித்துப் பதிலடி கொடுக்க வேண்டும் என்று துடித்தேன். மறுநாள் என் காப்புறுதி நிறுவனத்தை அழைத்தபோது அங்கிருந்த அதிகாரி நிதானமாகச் சொன்னார்: “நீங்கள் எதுவும் பதில் எழுதாதீர்கள். கடிதத்தை அப்படியே எங்களுக்கு அனுப்புங்கள்.” நம்மீது யாராவது கோரிக்கை வைத்தால் அதற்குப் பதில் சொல்வதும், தேவையென்றால் வழக்கறிஞரை வைப்பதும் நம் காப்புறுதி நிறுவனத்தின் வேலை. சந்தா கட்டுவதே அதற்குத்தான். நாமாக “ஒருவேளை கொஞ்சம் உருண்டிருக்கலாம்” என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதுவே நம் கழுத்தைச் சுற்றும். இந்த வகைக் கடிதத்துக்குத் தனியாக வழக்கறிஞர் தேவையில்லை. தாமதம் மட்டும் கூடாது, வந்த அன்றே அனுப்பிவிட வேண்டும்.

சில வாரங்கள் கழித்து எதிர்த்தரப்பு இறங்கிவந்தது: எழுபது விழுக்காடு எங்கள் தவறு, முப்பது உங்கள் தவறு, முடித்துக்கொள்ளலாமா? அலுத்துப்போயிருந்த எனக்கு முடித்துவிடலாம் என்றே தோன்றியது. 2,150இல் முப்பது விழுக்காடு 645 வெள்ளி, தொலையட்டும் என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த முப்பதுக்குள் வேறு கணக்குகள் ஒளிந்திருந்தன. நம் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டாதவரை தள்ளுபடிக்குப் பாதிப்பில்லை. தாண்டினால் 50 விழுக்காட்டுத் தள்ளுபடி ஒரே கோரிக்கையில் 20க்கு இறங்கிவிடும், மறுபடியும் ஐம்பதைத் தொட ஆண்டுகள் ஆகும். சந்தாவில் கூடும் தொகையோடு ஒப்பிட்டால் 645 ஒன்றுமே இல்லை. யாராவது உங்களிடம் விழுக்காட்டில் பேரம் பேசினால், கையில் வரும் பணத்தை மட்டும் பார்க்காதீர்கள். அம்மா சம்பந்தப்பட்ட இன்னொரு கணக்கும் அதில் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னைக் காப்பாற்றியது காரின் முன்பக்கக் கேமரா. இடித்தது பின்னால், கேமரா பார்த்ததோ முன்னால், அதில் என்ன இருக்கப்போகிறது என்று முதலில் அதை நான் பொருட்படுத்தவில்லை. பொறுமையாகப் போட்டுப் பார்த்தபோது, தள்ளுவண்டிக்காரப் பெண் கடப்பதும், சாலைக் கோடு அசையாமல் நிற்பதும், பிறகு காட்சி ஒரு குலுக்கலோடு முன்னோக்கித் தள்ளப்படுவதும் தெளிவாகத் தெரிந்தன. பின்னால் உருண்டிருந்தால் கோடு விலகிப் போயிருக்க வேண்டுமே. அந்தத் துண்டை என் நிறுவனத்துக்கும் எதிர்த்தரப்புக்கும் அனுப்பினேன். கேமரா பழைய பதிவுகளின்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும், ஆகவே விபத்தான அன்றே அட்டையைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிடுங்கள். என்மீதான கோரிக்கை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது.

என் பணம் மட்டும் வரவில்லை. இதற்கு வழக்கறிஞரை வைக்கலாமா என்று மீண்டும் யோசித்தேன். காயம் சம்பந்தப்படாத வாகனச் சேதக் கோரிக்கை 3,000 வெள்ளிக்குக் குறைவாக இருந்தால் நேரே நீதிமன்றம் போக முடியாது. முதலில் ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைப் பூசல் தீர்ப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே நமக்காக வழக்கறிஞர் வாதாட முடியாது, அவர்கள் தரப்பிலும் அப்படியே. நண்பர் ஒருவர் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகச் சொன்னார். அது 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பது உண்மைதான், ஆனால் மோட்டார் வாகன விபத்தால் வந்த சேதத்தை அது எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே என் அளவிலான தொகைக்கு வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணம் ஏறக்குறைய வீண். ஃபிட்ரெக்கில் விண்ணப்பித்து, அறிக்கை, படங்கள், ரசீது, கேமராப் பதிவு, பார்வையிட அழைத்த மின்னஞ்சல் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தேன். தீர்ப்பு நிலைவரை போகவில்லை, சமரசப் பேச்சிலேயே முடிந்தது. கார் இல்லாத நாள்களையும் சேர்த்து 2,450 கேட்டிருந்தேன், 2,300 வந்தது. குறைந்த 150க்காக மேலும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

இனி அம்மா. மருத்துவர் கழுத்துச் சுளுக்கு என்றார், மாத்திரை கொடுத்தார். பலதுறை மருந்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, இயன்முறைச் சிகிச்சை தொடங்கியது. இதற்கிடையே எதிர்த்தரப்பு நிறுவனத்திலிருந்து யாரோ அம்மாவின் கைப்பேசிக்கே அழைத்து, 800 வெள்ளி தருகிறோம், ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும் என்றிருக்கிறார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம். “கோர்ட்டு கச்சேரி என்று அலையாமல் முடிந்ததே, வாங்கிக்கொள்ளலாம்,” என்றார். படிவத்தை வாங்கிப் படித்தேன். இந்த விபத்து தொடர்பாக இப்போதும் இனி எப்போதும் எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன் என்பதுதான் அதன் சாரம். அப்போது அம்மாவின் வலது கை விரல்கள் அவ்வப்போது மரத்துப் போகத் தொடங்கியிருந்தன. சிகிச்சை முடியாத நிலையில் அந்தக் கையெழுத்து 800 வெள்ளிக்கு மிக விலை உயர்ந்தது. அவசரமும் இல்லை: உடற்காயத்துக்கு வழக்குத் தொடுக்க விபத்து நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.

அதே வாரம், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஒருவர் அழைத்தார். “செலவு எதுவும் வேண்டாம், வருகிற இழப்பீட்டில் நூற்றுக்கு இருபது கொடுத்தால் போதும், வக்கீலை நான் பார்த்துக்கொள்கிறேன்,” என்றார். கேட்க இனிக்கும். ஆனால் இழப்பீட்டில் பங்கு என்ற அடிப்படையில் இத்தகைய வழக்குகளுக்குக் கட்டணம் பேச சிங்கப்பூர் வழக்கறிஞர்களுக்கு அனுமதி இல்லை, ஆள் பிடித்துத் தருவதும் குற்றம். அப்படிப் பேசுகிறவர் வழியாக எந்த வழக்கறிஞரிடமும் போகாதீர்கள். நான் முதலில் வட்டாரத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் பதிந்துகொண்டு போனேன். கிடைப்பது ஏறக்குறைய இருபது நிமிடம்தான், ஆகவே கேள்விகளை எழுதிக்கொண்டு போக வேண்டும். முழுக் கதையையும் சொல்லத் தொடங்கினால் நேரம் அதிலேயே போய்விடும். சிங்கப்பூர்ச் சட்டக் கழகமும் அரசு நீதிமன்றங்களும் சேர்ந்து நடத்தும் மோட்டார் விபத்துக் கோரிக்கை இணையத்தளம் ஒன்றும் இருக்கிறது. கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால் யார் எவ்வளவு பொறுப்பு, காயத்துக்கு ஏறத்தாழ எவ்வளவு இழப்பீடு என்று இலவசமாக ஒரு மதிப்பு காட்டும். அதில் வந்த தொகை 800ஐவிடப் பல மடங்கு. அப்போதுதான் அம்மாவுக்கு வழக்கறிஞர் வைப்பது என்று முடிவெடுத்தேன்.

நாங்கள் போன வழக்கறிஞர் ஒரு நடுவயதுப் பெண்மணி, தமிழில் பேசினார், அம்மாவுக்கு அதுவே பாதித் தெம்பு. நான் கேட்பதற்கு முன் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: விபத்தில் உங்கள் பங்கு என்று ஏதாவது ஒப்புக்கொண்டிருக்கிறீர்களா? இல்லை என்றேன். நல்லது என்றார். நான் முப்பது விழுக்காட்டை ஏற்றிருந்தால், அம்மாவின் இழப்பீட்டில் அந்தப் பங்கை என்னிடமிருந்து, அதாவது என் காப்புறுதியிடமிருந்து கேட்க வேண்டி வரலாமாம். அப்படிப்பட்ட நிலையில் எங்கள் இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் வாதாடவும் கூடாதாம். அம்மா திகைத்துவிட்டார். “என் மகள்மீது நானே கேஸ் போடுவதா? அதற்குக் கழுத்து வலியே தேவலை!” என்றார். வழக்கறிஞர் சிரித்துவிட்டார். நான் சொல்லாமல் விட்ட அந்த இன்னொரு கணக்கு இதுதான்: காரில் உடன் வந்தவருக்குக் காயம் என்றால், விழுக்காட்டுப் பேரத்தை அந்தக் காயம் முடிவதற்குள் தனியாக முடித்துவிடக்கூடாது.

கட்டணத்தை எழுத்தில் கேட்டோம். கடிதப் போக்குவரத்தோடு முடிந்தால் எவ்வளவு, வழக்குப் பதிந்தால் எவ்வளவு, மருத்துவ அறிக்கைக்கும் நிபுணரைப் பார்க்கவும் ஆகும் செலவு யாருடையது, எதிர்த்தரப்பு தரும் செலவுத்தொகை போக எங்கள் கையிலிருந்து ஏதாவது போகுமா, தோற்றால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். அவரிடம் எனக்கு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் இன்னொன்று. வலி இரண்டு மாதத்தில் போய்விட்டால் என்னிடம் வராதீர்கள், ரசீதுகளை வைத்து நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள், அதற்கு நான் தேவையில்லை என்றார். மரத்துப் போவது தொடர்ந்ததால்தான் வழக்கை எடுத்துக்கொண்டார். சிகிச்சை ஓரளவு நிலைக்கு வரும்வரை தொகையே பேசவில்லை. அந்தக் காத்திருப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது, அம்மாவுக்கு அதைவிட அதிகம். ஒவ்வொரு முறை மருத்துவமனைக்குப் போகும்போதும் எங்கே வலிக்கிறது, எந்த வேலை செய்ய முடியவில்லை என்பதை மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொன்னார் வழக்கறிஞர். அம்மாவின் தலைமுறைக்கு இது கடினம். மருத்துவர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் மரியாதைக்கு “பரவாயில்லை” என்பார். கோப்பில் “பரவாயில்லை” என்று ஏறிவிட்டால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். நான் கூடவே உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தேன்.

வழக்கு விசாரணைவரை போகவில்லை. மருத்துவ அறிக்கை போனதும் பேச்சுவார்த்தை தொடங்கி, மருத்துவச் செலவு உட்பட 5,800 வெள்ளிக்கு உடன்பாடு ஆனது, வழக்கறிஞர் செலவுக்கு எதிர்த்தரப்பு தனியாக ஒரு தொகை தந்தது. அம்மாவின் விரல்கள் குளிர்சாதன அறையில் இப்போதும் சில நேரம் மரத்துப் போகின்றன, காசு வந்ததால் அது போய்விடவில்லை.

கடைசியாக ஒன்று. இவ்வளவும் முடிந்த பிறகு காப்புறுதியைப் புதுப்பிக்கும் கடிதம் வந்தது. தள்ளுபடி 20 விழுக்காடு என்று போட்டிருந்தது. வேன் நிறுவனத்தின் கோரிக்கை கைவிடப்பட்டது அவர்களுடைய கணினியில் ஏறவே இல்லை. கோரிக்கை முடிந்ததற்கான மின்னஞ்சலை அனுப்பி, எழுத்தில் பதில் கேட்டேன். ஐம்பது என்று திருத்திய கடிதம் வந்த பிறகே பணம் கட்டினேன்.